புன்னைக்காயல் கழிமுகத்தின் உணவு வலையை நீங்களே வரைவது எப்படி?

பிளஸ் டூ பிள்ளைகளிடம் ஓர் உணவு வலை, அதாவது யார் யாரைத் தின்கிறார்கள் என்று காட்டும் படம், வரையச் சொன்னால் புல், மான், புலி என்று வரைந்து கொடுத்துவிடுகிறார்கள். பாபநாசத்துப் பையன் வரைந்தால் சரி, முண்டந்துறை பக்கத்தில் இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஏரலிலும் ஆத்தூரிலும் இருந்து வருகிற பிள்ளைகளும் அதையே வரைகிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் தாமிரபரணி கடலோடு கலக்கிறது. அங்கே நடக்கிற சாப்பாட்டுக் கணக்கு காட்டில் நடப்பதைவிடச் சிக்கலானது, சுவாரசியமானது. அதனால்தான் சில வருடங்களாக உயிரியல் வகுப்பைக் கூட்டிக்கொண்டு புன்னைக்காயல் போய்க்கொண்டிருக்கிறேன். அப்படிப் போய்வந்து, தப்பும் தவறுமாகச் செய்து பழகிய முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆசிரியர், மாணவர் என்றில்லை, ஆர்வமுள்ள யாரும் இரண்டு நாள் பயணத்தில் செய்து பார்க்கலாம்.

கிளம்புவதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வருகிற வழியில் சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது. 1843-இல் திறந்தது, 11 வளைவுகள். ஆற்றில் இறங்கி நின்று ஒரு வளைவை அண்ணாந்து பாருங்கள். இரண்டு பக்கமிருந்தும் ஏறி வரும் கற்கள் உச்சியில் சந்திக்கிற இடத்தில் ஒரு கல் ஆப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும். வளைவில் அது பெரிய கல் ஒன்றுமில்லை. ஆனால் அதை உருவினால் மற்ற கற்கள் நிற்காது. கட்டடக்காரர்கள் கீஸ்டோன் என்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவாக இருந்தும், போய்விட்டால் மற்றவற்றையும் நிலைகுலையச் செய்கிற உயிரினங்களுக்கும் இந்தப் பெயர் வந்துவிட்டது. தமிழில் ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறோம். நான் உச்சிக்கல் இனம் என்று எழுதுகிறேன், பாலத்தைக் காட்டி விளக்க வசதியாக இருக்கிறது.

முதல் படி: எங்கே, எப்போது

தாமிரபரணி பொதிகையில் இறங்கி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. இன்று அது தூத்துக்குடி மாவட்டம். 1986 அக்டோபர் வரை எல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான், நெல்லைச் சீமை என்று சொன்னால் எங்களுக்கு இன்னமும் அதுவும் சேர்த்தி.

வரைபடத்துக்கு ஓர் எல்லை வேண்டும். எல்லை இல்லாமல் ஆரம்பித்தால் வலை வைகை வரைக்கும் போகும். மேல் எல்லையாக உப்புத் தண்ணீர் ஏறி வருகிற கடைசி இடத்தையும், கீழ் எல்லையாக அலை உடைகிற மணல் திட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கரையிலும் கண்டல் மரம் (அலையாத்தி) நிற்கிற சேறு வரைக்கும் போதும்.

நேரத்துக்குப் பஞ்சாங்கம் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் வற்றமும் அதிகம். மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், குஜராத் கடற்கரை மாதிரி கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்காது. அதனால் சேறு வெளியே தெரிகிற நேரத்தைத் தவறவிட்டால் அன்றைய பொழுது வீண். வற்றம் ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும், மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். முந்தின நாள் சாயங்காலமே கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் கேட்டுவிட்டால் சுலபம். எந்தச் செயலியையும்விட அவர்கள் சொல்கிற நேரம் சரியாக இருக்கும்.

பருவமும் முக்கியம். ஆற்றில் 8 அணைக்கட்டுகள், கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். கார், பிசானம் இரண்டு சாகுபடிக்கும் வாய்க்கால்கள் எடுத்தது போக, அந்தக் கடைசி அணைக்கட்டைத் தாண்டி வழிகிற தண்ணீர்தான் கழிமுகத்துக்கு வரும். பங்குனி, சித்திரையில் கழிமுகம் கிட்டத்தட்டக் கடல். கார்த்திகையில் மழை பிடித்தால் ஒரே வாரத்தில் ஆறு. எனவே ஒருமுறை போய் வரைந்த வலை பாதி வலைதான். கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று என்று இரண்டு வரையுங்கள்.

உப்பை அளக்க ஒளிவிலகல்மானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உப்பளத்துக்காரர்கள் உப்பின் அடர்த்தியை டிகிரியில் பார்க்க வைத்திருக்கிற கண்ணாடிக் குழாயை இரவல் வாங்கலாம். கடல் தண்ணீரில் போட்டால் அது 3 டிகிரிக்குச் சற்று மேலே காட்டும், பாத்தியில் உப்பு பூப்பது 24, 25 டிகிரியில். கழிமுகத்தின் நுணுக்கமான மாற்றங்களுக்கு இந்தக் குழாய் போதாதுதான். ஆனால் ஆற்றுத் தண்ணீரா கடல் தண்ணீரா என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போதும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், நெல்லையின் சாக்கடையும் இதே ஆற்றில்தான் வருகிறது.

கண்டல் காட்டுக்குள் நுழைய வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். செருப்பு இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள், மட்டிச் சிப்பியின் விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும்.

இரண்டாம் படி: யார் யார் இருக்கிறார்கள்

இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். எல்லா இனத்தையும் கண்டுபிடிக்க நாம் ஆய்வுக்கூடம் இல்லை. 25 பெயர் சேர்ந்தால் நல்ல வலை வரையலாம்.

காலையில் மீன் இறங்குகிற இடத்துக்குப் போனால் பாதி வேலை முடிந்தது. மடவை, பால் மீன், கிழங்கான், கொடுவா, வெள்ளை இறால், பச்சை நண்டு எல்லாம் அங்கேயே இருக்கும். ஒரு தடவை பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது மீன் விற்கிற ஓர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு எழுதுதீகளே சார், இதுல கழியில கெடக்குறது எது, கடல்ல இருந்து வந்து போறது எதுன்னு பிரிக்க வேண்டாமா?” என்று கேட்டார். நான் அதுவரை பிரிக்கவில்லை. வெள்ளை இறால் குஞ்சாகக் கழிமுகத்துக்குள் வந்து, தின்று வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். அதன் உடம்பில் சேர்ந்த ஆற்றல் நம் எல்லையைத் தாண்டி வெளியே போகிறது. அந்த அக்கா கேட்ட பிறகு பட்டியலில் இரண்டு நிற மை பயன்படுத்துகிறோம்: குடியிருப்பவை நீலம், வந்து போகிறவை சிவப்பு.

மரத்தில் வெண்கண்டல்தான் அதிகம். அதன் மூச்சு வேர்கள் பென்சிலைக் குத்தி வைத்தது போலச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும். சேற்றில் மரத்தடிச் சின்ன நண்டுகள், ஒற்றைக் கொடுக்கு பெரிதாக உள்ள பிடில் நண்டு, நத்தை, புழு, தத்தித் தத்திப் போகும் சேற்று மீன். வானத்தில் செம்பருந்து, மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம். குளிர்காலம் என்றால் உள்ளான் கூட்டமும் விராலடிப்பானும். பக்கத்து உப்பளங்களில் பூநாரை நின்றால் அது உங்கள் எல்லைக்கு வெளியே என்று சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டி வருவது கஷ்டம். நான் முயற்சிப்பதே இல்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரட்டும்.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு இரண்டு பெயர் கட்டாயம் எழுதுங்கள். ஒன்று, சேற்றின் மேல் பழுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும் நுண்பாசி. இன்னொன்று, பாக்டீரியாவும் பூஞ்சையும். இவற்றை விட்டுவிட்டால் மேலே எழுதின எதுவும் சாப்பிட வழியில்லை.

மூன்றாம் படி: அம்பு போடுதல்

அம்பு தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும். பிள்ளைகள் எதிர்ப்பக்கமாகப் போடுவார்கள், ‘கொக்கு மீனைத் தின்கிறது’ என்கிற வாக்கியத்தின் போக்கில் கை போகிறது. “அம்பு வாயைக் காட்டாது, சோறு போகிற திசையைக் காட்டும்” என்று ஒரு முறை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

யார் எதைத் தின்கிறார்கள் என்பதைப் புத்தகத்தில் தேடுவதைவிட வயிற்றைக் கீறிப் பார்ப்பது மேல். சந்தையில் ஒரு மடவையும் ஒரு சின்னக் கொடுவாவும் வாங்குங்கள். குழம்புக்கு முன் பாடம்.

மடவையின் இரைப்பையை விரலால் அழுத்திப் பாருங்கள். கோழியின் இரைப்பை மாதிரி தடித்து, கெட்டியாக இருக்கும். பிளந்தால் மணல், சாம்பல் நிறச் சேறு, அவ்வளவுதான். பையன்கள் “சார், இது மண்ணைத் தின்னுருக்கு” என்பார்கள். உண்மைதான், சேற்றை வாரி விழுங்கி, அதிலுள்ள நுண்பாசியையும், மக்கிய இலைதழைத் துகளான மட்கையும் அந்தத் தடித்த இரைப்பையில் மணலோடு சேர்த்து அரைக்கிறது. குடலை வெளியே இழுத்து அளந்தால் உடம்பைப் போலப் பல மடங்கு நீளம், சத்துக் குறைந்த சாப்பாட்டைக் கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டுமே. கொடுவாவின் குடல் இதற்கு நேர் எதிர், குட்டையாக இருக்கும். வயிறு பெரிய பை. அதிர்ஷ்டம் இருந்தால் முழு இறாலோ சின்ன மடவையோ உள்ளேயே கிடக்கும். இந்த இரண்டு குடலையும் தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் வலையில் எந்த உயரத்தில் இருக்கிறார் என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் என்னிடம் இல்லை.

வயிற்றைக் கீற முடியாதவற்றுக்குக் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். செம்பருந்து தண்ணீரில் மீன் எடுத்ததைப் பார்த்தால் முழுக்கோடு. பார்க்காமல் ஊகித்தால் புள்ளிக்கோடு. சாயங்காலம் புள்ளிக்கோடுகளை எண்ணிப் பாருங்கள். நமக்குத் தெரிந்தது என்று நினைத்ததில் எவ்வளவு ஊகம் என்று தெரியும்.

நான்காம் படி: ஆற்றல் எந்த வாசல் வழியாக வருகிறது

இந்தப் படியில்தான் கழிமுகம் காட்டிலிருந்து பிரிகிறது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

வெண்கண்டலின் ஓர் இலையைப் பறிக்காமல் கிளையோடு வளைத்துப் பாருங்கள். மேல்பக்கம் பளபளப்பான பச்சை, அடிப்பக்கம் வெளிறிய சாம்பல். வெயில் ஏறின பிறகு பார்த்தால் இலைமேல் பொடிப் பொடியாக உப்புப் படிகம் மின்னும். வேர் உறிஞ்சின தண்ணீரில் மிஞ்சின உப்பை இலை வெளியே தள்ளுகிறது. இப்போது அந்த இலையைத் தின்பவர்களைத் தேடுங்கள். சில புழுக்கள் ஓட்டை போட்டிருக்கும். மரத்தில் இருக்கும்போது இலையைத் தின்பவர்கள் அவ்வளவுதான். மீதி மஞ்சளாகி உதிர்கிறது.

உதிர்ந்த இலைகளில் மூன்று எடுங்கள்: இன்று விழுந்த மஞ்சள் இலை, சில நாள் ஊறின பழுப்பு இலை, சேற்றில் பாதி புதைந்து கறுத்த இலை. மஞ்சள் இலை மடக்கினால் ஒடியும். பழுப்பு இலை தோல் மாதிரி துவளும். கறுத்த இலையைத் தேய்த்தால் விரலில் வழுவழுப்பாகக் கூழ் ஒட்டும், நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சும். அந்த வழுவழுப்புதான் பாக்டீரியாவும் பூஞ்சையும். இலை தனியாக இருந்தபோது நைட்ரஜன் குறைவு, நார்தான் அதிகம். நுண்ணுயிர்கள் மேலே படர்ந்து வளர வளர அந்த மட்கில் நைட்ரஜன் விகிதம் கூடுகிறது. இறாலுக்கும் புழுவுக்கும் வேண்டியது இலையைவிட அந்தப் பூச்சுதான். வெறும் பிஸ்கட்டைத் தின்ன மறுக்கிற குழந்தை வெண்ணெய் தடவினால் தின்பது போல.

ஆக, வாசல் இரண்டு. பச்சை வாசல்: நுண்பாசி, மிதவைப்பாசி, அதை நேரடியாகத் தின்னும் மடவை, நத்தை. மட்கு வாசல்: இலை, நுண்ணுயிர், இறால், நண்டு, புழு. மழைக்காலத்தில் மட்கு வாசலுக்கு ஆறும் சரக்கு கொண்டுவரும். அமலைச்செடி கொத்துக் கொத்தாக மிதந்து வந்து உப்புத் தண்ணீர் பட்டதும் செத்து அழுகுவதைப் பார்க்கலாம். அது அளவோடு இருந்தால் தீனி. அளவு மீறினால் அழுகலே தண்ணீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும்.

ஐந்தாம் படி: அம்புக்குத் தடிமன்

அம்புகளை ஒரே தடிமனில் விட்டால் அது உறவுமுறைப் படம், ஆற்றல் படம் இல்லை. ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர் மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உண்ணும் படியிலும் எவ்வளவு ஆற்றல் ஏறுகிறது என்று கணக்குப் போட்டார். முதலில் நிராகரிக்கப்பட்ட அந்தக் கட்டுரை 1942-இல் வெளிவந்தது. அதே ஆண்டு, கட்டுரை அச்சாவதற்கு முன்பே, 26 வயதில் அவர் இறந்துவிட்டார். அந்த வழியில் வந்ததுதான் இன்று பள்ளிக்கூடத்தில் சொல்லும் பத்து சதவீத விதி. விதி என்பது கொஞ்சம் அதிகம், 5-இலிருந்து 20 சதவீதம் வரை மாறும். கணக்குக்கு 10 வசதி.

நுண்பாசியில் 1,000 பங்கு ஆற்றல் இருந்தால் மடவையில் 100 சேரும். அந்த மடவையைத் தின்னும் கொடுவாவில் 10. மட்கு வாசலில் படி கூடும்: மட்கில் 1,000, புழுவிலும் இறாலிலும் 100, சின்ன மீனில் 10, கொடுவாவில் 1. மீதி எல்லாம் மூச்சிலும் சூட்டிலும் போகிறது, கொஞ்சம் கழிவாக மீண்டும் மட்குக்கே திரும்புகிறது. மடவைக் குழம்பு சாப்பிடும்போது கழிமுகத்துக்கு ஆகிற செலவு குறைவு, கொடுவாவுக்குப் பல மடங்கு. சந்தையில் கொடுவா விலை ஏறுவதற்கு ருசி, ஏற்றுமதி என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் அது எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம்.

உண்மையான எண்கள் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஜார்ஜியா கடலோர உப்புச் சதுப்பில் ஜான் டீல் 1962-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஓர் ஆண்டுக்கு விழுந்த வெயில் 6,00,000 கிலோகலோரி. செடிகள் தங்கள் மூச்சுக்குப் போக மிச்சம் வைத்தது 8,205. அதில் பாக்டீரியாக்கள் 3,890-ஐ எரித்துவிட்டன. செடியையும் மட்கையும் தின்னும் விலங்குகள் எரித்தது 596. அவற்றைத் தின்பவை எரித்தது வெறும் 48. மீதி 3,671, அதாவது 45 சதவீதம், ஓதத்தோடு (கடல் ஏற்ற வற்றத்தோடு) வெளியே கடல் பக்கம் போய்விட்டது. அந்த ஊர் நம் ஊரைவிடக் குளிர்ந்தது, அங்கே புல், இங்கே மரம், எண்களை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் இரண்டு விஷயம் மனதில் நிற்க வேண்டும்: மிகத் தடித்த அம்பு பாக்டீரியாவுக்குப் போகிறது. அடுத்தது கடலுக்குப் போகிறது. நாம் ஆசையாகப் படம் எடுக்கிற பருந்துக்குப் போவது தலைமுடி அளவு.

உங்கள் படத்தில் தடிமனை மூன்றே அளவில் போடுங்கள்: ஸ்கெட்ச் பேனா, பால் பாயிண்ட், பென்சில். அதற்கு மேல் துல்லியம் காட்டினால் பொய்யாகிவிடும்.

ஆறாம் படி: உச்சிக்கல்லைத் தேடுதல்

முதல் வருடம் நான் இங்கேதான் சறுக்கினேன். கரும்பலகையில் ‘கொடுவா’ என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டு, இதுதான் உச்சிக்கல் இனம் என்று அறிவித்துவிட்டேன். பெரிய வாய், வலையின் மேல் நுனி, வேறென்ன வேண்டும்? பின் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, “சார், கொடுவாவைப் பூரா பிடிச்சுட்டா அது தின்ன சின்ன மீனை வேற மீன், நீர்க்காகம் எல்லாம் தின்னுட்டுப் போவாதா?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து முதலிலிருந்து படித்தேன்.

உச்சிக்கல் என்ற சொல்லை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் பெயின். அமெரிக்காவின் வாஷிங்டன் கடற்கரைப் பாறைகளில் ஓர் இடத்திலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து பிடுங்கித் தூர எறிந்தார். பக்கத்தில் இன்னோர் இடத்தை அப்படியே விட்டார். நட்சத்திர மீன் தின்று குறைத்துவந்த சிப்பிகள், அது போனதும் பாறை முழுவதையும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 ஆயிற்று. இதை 1966-இல் வெளியிட்டார், சொல்லை 1969-இல் வைத்தார். 1996-இல் மேரி பவர் தலைமையில் ஒரு குழு வரையறையை இறுக்கியது: ஓர் இனத்தின் விளைவு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, தன் எண்ணிக்கைக்கும் எடைக்கும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது பாதிதான் சல்லடை. அதில் கண்டலைப் போட்டுப் பாருங்கள். கண்டலை வெட்டினால் கழிமுகம் மாறிவிடும், சந்தேகமில்லை. ஆனால் கண்டல்தான் அங்கே எடையிலும் பரப்பிலும் பெரும்பகுதி. அது அஸ்திவாரம், உச்சிக்கல் இல்லை. பாக்டீரியா? தடித்த அம்பு, ஆனால் அது ஓர் இனம் இல்லை, ஆயிரக்கணக்கான இனங்கள். மடவையும் அப்படித்தான், ஏராளம். கொடுவா விளிம்பில் நிற்கிறது. அந்தப் பெண் கேட்டபடி அதன் வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு சின்னத் திருப்பம் உண்டு: கொடுவா பெரும்பாலும் ஆணாகப் பிறந்து வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும். பெரியவற்றை மட்டும் தேடிப் பிடித்தால் முட்டையிடுபவைதான் முதலில் தீரும்.

அப்புறம் எஞ்சுவது மரத்தடியில் ஓடி ஒளிகிற அந்தச் சின்ன நண்டு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, யாரும் குழம்பு வைப்பதில்லை, அதனால் யாரும் எண்ணுவதும் இல்லை. அது இரண்டு வேலை செய்கிறது. ஓதம் அடித்துக்கொண்டு போகுமுன் இலையை வளைக்குள் இழுத்துத் தின்கிறது. ஜார்ஜியாக் கணக்கில் 45 சதவீதம் வெளியே போயிற்றே, அந்த மாதிரிக் கதவில் இங்கே ஒரு காவல்காரன். வடகிழக்கு ஆஸ்திரேலியக் கண்டல் காடு ஒன்றில் உதிரும் இலையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நண்டுகளே இழுத்துவிடுகின்றன என்று 1986-இல் அளந்திருக்கிறார்கள்.

இரண்டாவது வேலையைக் காண வளையின் வாயருகே சேற்றை ஒரு குச்சியால் மெல்லப் பிளந்து பாருங்கள். சேறு முழுக்கக் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். வளையின் சுவரை ஒட்டி மட்டும் விரல் தடிமனுக்குத் துரு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். நண்டு தோண்டின வழியாகக் காற்றும் தண்ணீரும் உள்ளே போன இடம் அது. அதே ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் ஓர் ஆண்டு நண்டுகளைப் பிடித்து அகற்றிப் பார்த்த சோதனையில் மண்ணில் சல்பைடும் அம்மோனியமும் கூடின, மரங்களின் வளர்ச்சியும் காய்ப்பும் குறைந்தன. 1991-இல் வெளியானது. எடையில் ஒன்றுமில்லாத உயிர், அஸ்திவாரத்தையே அசைக்கிறது. புன்னைக்காயலில் இதைச் செய்து நிரூபித்திருக்கிறேன் என்று சொல்ல வரவில்லை. நம் பட்டியலில் சல்லடையைத் தாண்டி நிற்கிற முதல் வேட்பாளர் இதுதான் என்பது என் கருத்து.

நீர்நாயைக் கேட்பவர்கள் இருப்பார்கள். வட பசிபிக்கில் கடல் நீர்நாய் போனதும் முள்ளெலி போன்ற கடல்முள்ளிகள் பெருகிப் பாசிக்காட்டையே மொட்டையடித்த கதை பிரபலம். நம் ஆற்றிலும் மேலே மலைப்பக்கம் நீர்நாய் உண்டு. கழிமுகத்தில் நீங்கள் கண்ணால் பார்த்தால் எழுதுங்கள், பார்க்காமல் பசிபிக் கதையை இங்கே ஒட்டாதீர்கள்.

ஏழாம் படி: நூல் கட்டிச் சோதித்தல்

நண்டைப் பிடித்து அகற்றுகிற சோதனை நமக்கு வேண்டாம், அதற்கு அனுமதியும் கிடைக்காது. செலவில்லாத ஒன்று இருக்கிறது. உதிர்ந்த மஞ்சள் இலை 20 பொறுக்குங்கள். ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு மீட்டர் வெள்ளைத் தையல் நூல் கட்டுங்கள். மறுமுனையை ஒரு குச்சியில் கட்டி, வற்றத்தின்போது மரத்தடிச் சேற்றில் நடுங்கள். 10 இலை வளைகள் நிறைந்த இடத்தில், 10 இலை வளைகள் குறைந்த இடத்தில். இரண்டு இடத்திலும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரம் போட்டு வளைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் அதே வற்றத்தில் ஒரு முறை பாருங்கள். நூல் வளைக்குள் போயிருந்தால் நண்டு எடுத்தது. இலை கடிபட்டு மேலேயே கிடந்தால் தனியாக எழுதுங்கள். நூலே காணவில்லை என்றால் ஓதத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள், முடிச்சு அவிழ்ந்ததாகவும் இருக்கலாம். முடிந்ததும் நூலையும் குச்சியையும் ஒன்று விடாமல் எடுத்து வந்துவிடுங்கள், உள்ளான் காலில் சிக்கும்.

இதோடு கொசுவலைத் துணியில் சின்னப் பைகள் தைத்து, எடை போட்ட உலர்ந்த இலையை உள்ளே வைத்து, வேரில் கட்டிவிட்டு நாலு வாரம், எட்டு வாரம் கழித்து எடுத்து எடை பார்க்கலாம். நண்டு நுழைய முடியாத பையில் நுண்ணுயிர் மட்டும் எவ்வளவு தின்றது என்று தெரியும். 2023-இல் ஐப்பசியில் கட்டின பைகள் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு எங்கள் பைகளை மட்டுமா கொண்டுபோயிற்று. தண்ணீர் வடிந்து, பாதை சரியாகிப் போய்ப் பார்த்தபோது வேர்களின் மேல் விரற்கடை உயரத்துக்குப் புது வண்டல் படிந்திருந்தது. வளை ஒன்றுகூடத் தெரியவில்லை.

மாணவர்கள் சதுரக் கயிற்றை அந்த வண்டல்மேல் போட்டார்கள். பூஜ்யம் என்று எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து அதே சதுரத்தில் மூன்று வளை, வாசலில் புதிதாகத் தள்ளிய கறுப்பு மண் உருண்டைகள். ஒரு வளையில் பாதி இழுத்த மஞ்சள் இலை மாட்டிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.